ஊசிச் சீட்டு இல்லாத கல்யாணப் பெண்

என் கல்யாணத்துக்கு ஆட்சேபம் சொன்னவர் முனிசிபாலிட்டி சுகாதார இன்ஸ்பெக்டர். அதுவும் கோயிலில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில், சபையார் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள். கதை விடுகிற சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால் பள்ளிக்கூட வாத்தியாரம்மாவாகவே ரிட்டயர் ஆகியிருப்பேனா?

கன்னட நாட்டுத் தலைநகரில், லிங்கராஜபுரம் என்ற பேட்டையில், பள்ளமான ஒரு சந்தில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே காலமாகிவிட்டார். அம்மா வீட்டிலேயே தையல் வேலை பார்த்தாள், நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு எடுத்தேன். எங்களுக்கு மேலே, மேட்டில், ரிச்சர்ட்ஸ் டவுன். அங்கே பங்களாக்களும் மரங்களும் பியானோக்களும் இருந்தன. அவர்கள் குளித்த தண்ணீர்கூட எங்கள் வீட்டு வாசல் மோரிச் சாக்கடை வழியாகத்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்வாள்.

அந்த ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்துதான் எனக்கு மாப்பிள்ளை வந்தார். ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது போன்ற வேலை. தாய் தகப்பன் இல்லை. அவருடைய அக்காதான் வளர்த்தவர். பெண் பார்க்க வந்த அன்று அந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும். பிடிச்சவங்களுக்கு மட்டும்" என்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் என் வாயால்தான் தட்டிப்போயின. வீடு கப்சிப் என்று இருந்த அந்த நேரத்தில் ஒரே ஒரு ஆள் சிரித்தார். மாப்பிள்ளை. வாய்விட்டு, தட்டில் இருந்த வடை கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இந்த ஆளைக் கட்டிக்கொள்வது என்று நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு அவருக்குக் கிடைத்த லீவு ஒரு மாதம்கூட இல்லை. அது முடிந்ததும் வடகிழக்கு எல்லைக்கு மாற்றல். அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம் ஆகும் என்று கடிதம் எழுதியிருந்தார். ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அந்த வியாழனை விட்டால் எனக்கு இருபத்தெட்டு வயதாகிவிடும். அதுவரை அவர் அக்கா சும்மா இருப்பாரா? மேட்டுத் தெருவில் பெண்களுக்கா பஞ்சம்?

எங்கள் கிறிஸ்தவ வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று போதகர் கேட்பார். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். யாராவது இருமினால்கூட எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் வெள்ளம் வந்தது.

மூன்று நாளாக விடாத மழை. மேலே இருந்த ஏரியின் கரை மத்தியானத்தில் உடைந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து சேர்வதற்குள் சந்தில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் நுழைந்தபோது தொடை வரை. அம்மா மேஜைமேல் ஏறி நின்றிருந்தாள். தலையில் ஒரு தகரப் பெட்டி. "பாத்திரம் பண்டம் எல்லாம் போகுதேம்மா!" என்று கத்தினேன். "போகட்டும். கல்யாணச் சேலை நனையலை" என்றாள். தண்ணீர் இறங்கத் தொடங்கும்வரை அந்தப் பெட்டியை அவள் தலையிலிருந்து இறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல், என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் முழு உடம்போடு திரும்பினாள்.

புதன்கிழமை தண்ணீர் வடிந்தது. அது விட்டுவிட்டுப் போனதைத்தான் எழுதக் கை கூசுகிறது. சந்தில் எல்லா வீட்டுக்கும் எடுப்புக் கக்கூஸ். நடுவில் ஒரே கிணறு. வெள்ளத்துக்குக் கக்கூஸ் எது கிணறு எது என்று தெரியுமா? இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுப் போயிருந்தது.

அப்போதுதான் சுகாதார இன்ஸ்பெக்டர் எங்கள் சந்துக்குள் சைக்கிளில் வந்தார். கன்னடக்காரர். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, கேரியரில் பிளீச்சிங் பவுடர் டின். கிணற்றில் பவுடரைக் கொட்டிவிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது என்று வீடு வீடாகக் கத்தினார். பிள்ளைகள் அவருக்குப் பின்னால் ஊர்வலம் போனார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் காபி, சாம்பார், ரசம் எல்லாம் ஒரே வாசனையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பக்கத்துச் சந்தில் ஒரு வண்டிக்காரருக்கு வாந்திபேதி கண்டது. காலரா என்றார்கள். முனிசிபாலிட்டி வண்டி வந்து தொத்து நோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பவில்லை, அன்று ராத்திரியே உயிர் போய்விட்டது. நல்ல மனிதர். என் வகுப்புப் பிள்ளைகள் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தால்கூடத் திட்டமாட்டார். அவரை நினைக்காமல் அந்த வருஷத்தைப் பற்றி எழுதினால் அது பாவம்.

இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டு வாசலில் கல்யாணத்துக்குக் கட்டியிருந்த கீற்றுத் தட்டிகளைப் பார்த்தார். "நோடம்மா, இந்தச் சந்துல ஒரு கேஸ் வந்தா உங்க மதுவே ஊட்டா, கல்யாணச் சாப்பாடு எல்லாம் பந்த். கல்யாணத்துக்கு நூறு பேர் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா அடுத்த நாள் நூறு பேருக்கும் நான் வண்டி அனுப்பணும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

சனிக்கிழமை காலை. எதிர் வீட்டு அக்கா விடிந்ததிலிருந்து போர்வை துவைத்துக்கொண்டிருந்தார். சிகரெட் கம்பெனியில் கூலி வேலை பார்ப்பவர், சனிக்கிழமை வேலை உண்டு. போகவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. தூறலில் யாராவது போர்வை துவைப்பார்களா? ஒன்று போய் இன்னொன்று கொடியில் ஏறியது. நான் எதிர் வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஏழு வயது மகள், என் வகுப்புப் பெண், பாயில் கிடந்தாள். கண் குழிவிழுந்து, உதடு காய்ந்து, என்னைப் பார்த்து "டீச்சர்" என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள்.

"சொல்லாதம்மா. உன் கால்ல விழறேன்" என்றார் அக்கா. "வண்டில இட்டுனு போனா திரும்பி வராது. அந்த வண்டிக்காரப் பெரியவரு வந்தாரா? நான் கஞ்சித் தண்ணி குடுத்துனு கீறேன். மாரியாத்தாளுக்குக் காசு முடிஞ்சு வெச்சிருக்கேன். நாளைக்குச் சரியாப் பூடும்."

நான் வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா தையல் மிஷினில் கைவைத்தபடியே இருந்தாள். "சொன்னா உன் கல்யாணம் நின்னுடும்டி" என்றாள். "தெரியும்" என்றேன். அம்மா மிஷினிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "நானும் வரேன். தனியாப் போய்ச் சொன்னா அழுதுடுவ."

அழவில்லை. இன்ஸ்பெக்டர் ஆபீசில் சொல்லி முடித்துவிட்டு, வெளியே வந்து, ஒரு புங்க மரத்தடியில் நின்றுகொண்டுதான் அழுதேன். நான் ஒன்றும் தியாகி இல்லை. வழி நெடுக, நாளைக்குச் சரியாகிவிடும் என்று அக்கா சொன்னது உண்மையாக இருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தேன்.

வண்டி வந்தது. அக்கா மகளை மடியில் போட்டுக்கொண்டு ஏறினார். சந்தே வாசலில் நின்று பார்த்தது. என்னைத் தாண்டிப் போகும்போது, "நீ நல்லா இருப்பியா? உன் கல்யாணம் எப்படி நடக்குதுன்னு பாக்கறேன்" என்றார்.  என்னையும் ஊமையாக்க ஒருவர் பிறந்திருந்தார்.

மறுநாள்தான் இரண்டாவது ஓலை.

வெள்ளம் வந்த சந்தில் காலரா கேஸ். கல்யாணச் சாப்பாடோ கோயிலை ஒட்டிய ஹாலில். ஆகவே சாப்பாடு போடக் கூடாது என்று போதகரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். போதகரை வேறு எந்த நாளில் தேடினாலும் பிடிக்க முடியாது என்று யாரோ இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றார். பாவம், கிறிஸ்தவக் கோயிலுக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. எப்போது பேசலாம், எப்போது பேசக் கூடாது என்று அவருக்குத் தெரியாது.

போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்தார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார். கேட்டுவிட்டு, வழக்கம்போல், காகிதத்தை மடிக்கத் தொடங்கினார்.

"இருக்குது சாமி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அதுக்குத்தான் நான் வந்தேன்."

கோயில் முழுக்க ஒரே சமயத்தில் திரும்பியது. பாட்டுப் பெட்டி வாசிப்பவரின் கை தவறிக் கட்டைமேல் விழுந்து, 'ஙொய்' என்று ஒரு சத்தம். அம்மா கழுத்து திரும்பாததால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே முழுசாகச் சுழன்றாள். மாப்பிள்ளை இன்னும் லீவில் வந்து சேரவில்லை; அவர் அக்கா இரண்டாவது வரிசையில் இருந்தார். அவர் பார்த்தது இன்ஸ்பெக்டரை அல்ல, என்னை. அந்தக் காக்கிச் சட்டைக்காரருக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவர் ஒரு முழு நாவல் எழுதி முடித்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

போதகர் காகிதத்தை மறுபடியும் விரித்தார். "என்ன தடை?"

"காலரா" என்றார் இன்ஸ்பெக்டர்.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அப்புறம் இன்னொருவர். அதற்குள் இன்ஸ்பெக்டர் நோட்டீசை எடுத்து உயர்த்திப் பிடித்து, வெள்ளம், கிணறு, ஈ, ஹாலில் சாப்பாடு என்று எல்லாவற்றையும் தன் கன்னடத் தமிழில் சொல்லி முடித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அக்கா எழுந்து, "அப்போ தம்பியோட அடுத்த லீவுல பாத்துக்கலாம் ஐயா. உயிரை விடக் கல்யாணமா பெரிசு?" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

கல்யாணப் பெண் ஓலை வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் எழுந்து நின்றேன். "என்ன பண்ணினா நடத்தலாம்? அதைச் சொல்லுங்க" என்று அங்கிருந்தே கேட்டேன். அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். கொசுவம் கழன்றதே தவிர நான் உட்காரவில்லை.

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். அப்படி ஒருவரும் அவரைக் கேட்டதில்லை போலிருந்தது. பழம் நறுக்கி வைக்கக் கூடாது, சர்பத்தும் ஐஸும் கூடாது, கொதித்த தண்ணீர் மட்டும் என்றார். சாப்பிட வருகிற ஒவ்வொருவரும் காலரா ஊசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும், கையில் சீட்டு இருக்க வேண்டும். "அப்புறம் இனிமே உங்க சந்துல யாரும் கேஸை மறைக்கக் கூடாது. சந்து பூரா ஊசி ஆகணும். அப்படி ஆச்சுன்னா ஆட்சேபணையை நானே வாபஸ் வாங்கறேன். ஆகாதும்மா. ஒருத்தரும் கை நீட்ட மாட்டேங்கறாங்க."

கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருந்தது.

மறுநாள் எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் ஊசி முகாம் போட்டார்கள். ஒரு கம்பவுண்டர், ஒரு ஸ்பிரிட் விளக்கு, கொதிக்கிற தண்ணீரில் மிதக்கிற ஊசிகள். மத்தியானம்வரை வந்தது ஒரே ஒரு நாய். நான் வீட்டுக்குப் போய், மீதியிருந்த கல்யாணப் பத்திரிகைகளையும் வெற்றிலைத் தட்டையும் எடுத்துக்கொண்டு சந்துக்குள் இறங்கினேன். கல்யாணப் பெண் தன் கல்யாணத்துக்குத் தானே அழைக்கப் போவதா! எந்த ஊரிலும் இல்லாத அதிசயம். அம்மா தடுக்கவில்லை, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒவ்வொரு வாசலிலும் நான் சொன்னது ஒன்றுதான். "வியாழக்கிழமை கல்யாணம். வீட்டோட வாங்க. பிரியாணி. ஊசிச் சீட்டு இருந்தாத்தான் ஹாலுக்குள்ள விடுவாங்க."

அந்தச் சந்தில் எங்களை எந்தக் கல்யாணத்துக்கும் அழைக்காதவர்கள் இருந்தார்கள், நாங்கள் அழைக்காதவர்களும் இருந்தார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், பௌத்தர்கள், எங்கள் சபையோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு சபைக்குப் போனவர்கள், எல்லோருக்கும் வெற்றிலை வைத்தேன். சாயங்காலம் வராந்தாவில் வரிசை நின்றது. எதற்கும் வராத ஜனம் பிரியாணிக்கு வரும் என்பது எனக்கு முன்பே தெரியும். எனக்கே அப்படித்தான்.

பிரேசர் டவுனிலிருந்து சமையல்காரர் பாய் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். "அரே அம்மா, நூத்தி இருபது பேருன்னு சொன்னீங்கோ. இப்ப சந்தே வருதுன்றாங்கோ! ஆடு எங்கே போய்ப் புடிக்கிறது?" அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு வழியும் சொன்னார். ஆடு அதே ஆடுதான். அரிசியை மூன்று மடங்காக்கிவிடுவது. கறி முதல் பந்தியோடு சரி, பிறகு வருகிறவர்களுக்குக் குஸ்கா. மசாலாவும் நெய்யும் சேர்ந்த அந்தச் சோற்றில் கறித்துண்டு இல்லையென்று ஒருவரும் அழமாட்டார்கள். அப்படியே ஆகட்டும் என்றேன். அவரையும் வரிசையில் நிற்க வைத்தேன்.

எனக்கு இன்ஸ்பெக்டர் ஒரு வேலை கொடுத்தார். சீட்டு எழுதுவது. கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் ஏற்கெனவே போட்ட சீட்டுப் புத்தகம் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டார், நான் பெயரை நிரப்பிக் கிழித்துக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் போய் உட்கார்ந்துவிடுவேன். அழுகிற பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வேன். "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்பேன். "டீச்சர் உங்களுக்குப் போட்டாச்சா?" என்று யாராவது கேட்டால், "முதல்லயே" என்பேன்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். எனக்கு ஊசி என்றால் சாவு பயம். சின்ன வயதில் அம்மை குத்த வந்தவர்களைப் பார்த்து நெல் குதிருக்குள் போய் ஒளிந்தவள் நான். தினமும் நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பேன். தினமும் கம்பவுண்டர் ஊசியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கும்போது எனக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும். கடைசியில் ஒரு நாள், யாரும் பார்க்காதபோது, ஒரு சீட்டைக் கிழித்து அதில் என் பெயரை எழுதி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். எதிர் வீட்டுக் குழந்தையை வண்டியேற்றி அனுப்பியவள் நான். என்னைப் போல் ஒரு பித்தலாட்டக்காரி உண்டா?

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை. தடை உண்டா என்று போதகர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கேட்டார். யாரும் இல்லை. அன்று சாயங்காலம் வராந்தாவில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது மேஜைமேல் ஒரு நிழல் விழுந்தது. எதிர் வீட்டு அக்கா. இடுப்பில் மகள், எலும்பும் தோலுமாக, ஆனால் கண் பழையபடி துறுதுறு என்று இருந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக் காப்பாற்றியிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். அக்கா மகளை இறக்கிவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார்.

"எழுதும்மா எனக்கும் ஒரு சீட்டு. வீட்டாண்ட வெத்தலை வெச்சியாம்? நான் இல்லாதப்போ வெச்சா கணக்கா? வியாழக்கிழமைக்கு வரணுமில்ல."

எனக்கு எழுத்துத் தெரியவில்லை, கண் மறைத்தது. அக்கா ஊசியை வாங்கிக்கொண்டு சும்மா போகவில்லை. அதுவரை வராமல் ஒளிந்துகொண்டிருந்த ஏழெட்டு வீட்டுக்காரர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "எம் பொண்ணைப் பாரு, போய்ட்டு வந்துச்சு பாரு" என்று அவர் சொன்னதை இன்ஸ்பெக்டர் பத்து வருஷம் கத்தியிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. குழந்தையும் சீட்டு கேட்டு அடம்பிடித்தாள். நோய் வந்து போனவளுக்கு இப்போது ஊசி வேண்டாம் என்றார் இன்ஸ்பெக்டர். அவள் அழுதாள். சரி, ஒரு சீட்டு கொடு என்றார். திங்கள், செவ்வாய், புதன். சந்தில் புதிதாக ஒரு கேஸும் இல்லை.

வியாழக்கிழமை காலை கோயில் கேட்டில் இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்பவுண்டர், கடைசி நேரத்தில் வருகிறவர்களுக்காக. அன்றைக்குச் சலவை செய்த காக்கிச் சட்டை, நெற்றியில் குங்குமம். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் சீட்டு கேட்டார். முந்தின நாள் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இடது கையைத் தொட்டில் குழந்தையைப் போலத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்காவும் அதில் ஒருவர். தாலித் தட்டைத் தூக்க முடியாமல் வேறு ஆளிடம் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை ஊசி போட்டது பதிந்திருந்த தன் ராணுவப் புத்தகத்தைக் காட்டிவிட்டு முன்னமே உள்ளே போய்விட்டார் என்றார்கள்.

நான் அப்பாவுக்குப் பதிலாக வந்த மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாடகை வண்டியிலிருந்து இறங்கினேன். வெள்ளைச் சேலை, முக்காடு, பூச்செண்டு. "பொண்ணு சீட்டு?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் எடுத்து நீட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை. "ஆயித்து, ஹோகம்மா" என்று வழிவிட்டார்.

அப்போது என் சேலையை யாரோ இழுத்தார்கள். எதிர் வீட்டுக் குழந்தை. புதுப் பாவாடை, தலைகொள்ளாமல் கனகாம்பரம். இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். முழங்கை மடிப்பில் இரண்டு பக்கமும் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது.

"டீச்சர், எனக்கு ரெண்டு கைலயும் குத்துனாங்கோ. உங்களுக்கு எந்தக் கைல?"

எதையாவது சொல்லியிருக்கலாம். இடது கை என்று சொன்னால் போதும். முடியவில்லை.  திரும்பி இன்ஸ்பெக்டரிடம், "சார், அந்தச் சீட்டு பொய். நான் போட்டுக்கலை" என்றேன்.

மாமா என் கையை விட்டுவிட்டார். இன்ஸ்பெக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது துக்கம். "ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தியே தாயி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போதகர் அங்கி மாற்றுகிற அறையில் என்னை உட்கார வைத்தார்கள். கம்பவுண்டர் பெட்டியோடு வந்தார். பதினொரு நாளாகப் பார்த்த அந்தத் தடித்த ஊசியை அவர் எடுத்ததும், நான் எழுந்து அங்கி அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். வெள்ளைச் சேலை, முக்காடு, பூச்செண்டு எல்லாவற்றோடும். உள்ளே கோயிலில் பாட்டுப் பெட்டி மூன்றாவது தடவையாக அதே பாட்டை வாசித்துக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. மாப்பிள்ளை. தாலி கட்டும் வரை பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று அவர் அக்கா வாசலில் கத்தியது கேட்டது. அவர் கோட்டைக் கழற்றிப் போதகரின் நாற்காலிமேல் போட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பெட்டியிலிருந்து மெல்லிய ஊசியாகப் பார்த்து எடுத்து, விளக்கை ஏற்றி மறுபடியும் கொதிக்க வைத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"பயமா?"

"ஆமா."

"யாருக்கும் தெரியாதா?"

"இப்ப உங்களுக்குத் தெரியும்."

அதே சிரிப்பு. வெளியே வந்து உட்கார்ந்தேன். முக்காட்டைத் தள்ளிவிட்டு என் இடது கையைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு ஜில்லென்று இருந்தது.

"பிடிச்சவங்களுக்கு மட்டும்தான் சமைப்பேன்னு சொன்னீங்களே" என்றார். "அந்த லிஸ்ட்ல நான் இருக்கேனா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "முடிஞ்சுது" என்றார். ஊசியை ஏற்கெனவே தட்டில் வைத்திருந்தார். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. அத்தனை பிள்ளைகளிடமும் நான் சொன்ன பொய் அந்த ஒரு ஆள் கையில் மெய்யாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் அந்தப் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தன் கையாலேயே எழுதினார். "இன்னைக்குப் போட்டது இன்னைக்கே கேக்காது. நீ இன்னைக்குச் சுடச்சுடத்தான் சாப்பிடணும், தெரிஞ்சுதா?" என்றார்.

கல்யாண ஆராதனையிலும் போதகர் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். கேட்டார். இந்தத் தடவை காகிதத்தை மடிக்கவில்லை. கோயில் முழுவதும், மேட்டுத் தெருவும் பள்ளத்துச் சந்தும், அதுவரை அந்தக் கோயிலுக்குள் கால் வைக்காதவர்களும், ஒன்றாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார். இப்போது அவருக்கு வழக்கம் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல சாமி" என்றார் உரக்க. "ரெண்டு பேருக்கும் ஊசி ஆயித்து. கட்டுங்க."

கோயிலில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கும் வரை அவர் காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் தாலி ஏறியது.

ஹாலில் பந்தி பந்தியாகக் குஸ்கா ஓடியது. எதிர் வீட்டு அக்கா கொதித்த தண்ணீர் அண்டா பக்கத்தில் கரண்டியோடு நின்று, தம்ளரை உள்ளே விட்ட ஒரு ரிச்சர்ட்ஸ் டவுன் ஐயாவின் கையில் ஒன்று போட்டார். என் பக்கம் வந்து, "நடந்துச்சு பாத்தியா உன் கல்யாணம்" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அன்று சாப்பிட்ட ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. பாய் மட்டும் இவ்வளவு பெரிய தேக்ஸாக்களைக் கழுவியதில் தன் ஊசிக் கை போய்விட்டது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் என் கை வீங்கிவிட்டது, காய்ச்சலும் வந்தது. அவர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். மறுநாளும் கொடுத்தார். வீட்டில் இருந்த நாளெல்லாம் காலையும் மாலையும் பக்கத்தில் உட்கார்ந்து, கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இன்னும் வலிக்குதா?" என்று கேட்டு ஒத்தடம் கொடுத்தார். எட்டாம் நாள் ரயிலேறினார். ஜன்னல் வழியாகக்கூட அதைத்தான் கேட்டார். கொஞ்சம் வலிக்குது என்றேன்.

வலி மூன்றாம் நாளே போய்விட்டது. அந்த ஒரு பொய்யை மட்டும் நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.